தேர்தல் செய்தியும் அறிவிப்பாளர் தொடரும்

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் மாலை. மதுரை மாநகரின் வடமேற்கு ஓரத்தில் உள்ள ஆனையூரில், மஃரிபுத் தொழுகை முடித்து வந்த சிலர் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். நாடாளுமன்றத் தேர்தலின் ஏழாம் கட்ட வாக்குப்பதிவு அன்றுதான் முடிந்திருந்தது. கடைச் சுவரில் தொங்கிய தொலைக்காட்சிப் பெட்டியில் வல்லுநர்கள் வரிசையாகத் தோன்றி, எந்த அணிக்கு எத்தனை இடங்கள் என்று எண்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முந்நூற்று ஐம்பது என்றார். மற்றொருவர் நானூறு வரை போகும் என்றார். தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் பாய், இவுக யாருகிட்ட கேட்டாக? நம்ம பக்கம் ஒருத்தரும் வரலையே?"

மூன்று நாட்கள் கழித்து வாக்குகள் எண்ணப்பட்டன. முந்நூற்று ஐம்பதைத் தாண்டும் என்று பெரும்பாலோர் சொன்ன அணி 293 இடங்களைப் பெற்றது. அதன் தலைமைக் கட்சிக்குத் தனித்துக் கிடைத்தவை 240. தமிழகத்தில் அவ்வணி சில இடங்களைப் பிடிக்கும் என்று கூறிய கணிப்புகளும் இருந்தன. ஆனால் 39 தொகுதிகளும் எதிரணிக்கே சென்றன. கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெற்றிக் களிப்பு இருந்தது. எனக்கோ அவர் கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை.

எளிய மனிதர் கேட்ட அக்கேள்வி, நம் முன்னோர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டு, அதற்கென ஒரு தனிக் கலையையே வளர்த்த கேள்வியாகும். 'சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?' என்பதே அது. தேர்தற் செய்தியில் வல்லுநர் வந்து அமர்ந்த வரலாற்றை இக்கேள்வியின் ஒளியில் சற்றுப் பார்ப்போம்.

ஒரு சோறு பதம்

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 'என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆகவே கணிப்பு பொய்' என்று வாதிடுவது முறையாகாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் தாய்மார்கள் அறிந்ததுதான் கருத்துக் கணிப்பின் அடிப்படை. பானை முழுவதையும் தின்று பார்த்துத்தான் பதம் அறிய வேண்டும் என்பதில்லை. முறையாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரைக் கொண்டு ஒரு பெருநாட்டின் போக்கை மூன்று விழுக்காடு முன்பின்னாகச் சொல்லிவிடலாம் என்பது கணிதம் ஒப்புக்கொண்ட உண்மை.

ஆனால் அப்பழமொழிக்குள் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. பானைச் சோறு முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே நீரில் வெந்திருக்க வேண்டும். தம் போட்ட பிரியாணிச் சட்டியில் மேலே எடுத்த கரண்டியைக் கொண்டு அடியில் இருப்பதைச் சொல்ல முடியுமா? சோற்றை எங்கிருந்து எடுத்தாய் என்பதே முதற் கேள்வி. இதை மறந்ததனால் ஒரு புகழ்பெற்ற ஏடே அழிந்த கதை உண்டு.

ஒரு கோடி அட்டைகள்

அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்று ஒரு வார ஏடு இருந்தது. 1916 முதல் 1932 வரை நடந்த அதிபர் தேர்தல்களில் வென்றவர் யார் என்பதை அது சரியாகவே முன்னுரைத்து வந்தது. 1936இல் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பியது. 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடை எழுதினர்.  அவ்விடைகளை எண்ணி, லாண்டன் வெல்வார், ரூஸ்வெல்ட் தோற்பார் என்று ஏடு அறிவித்தது. நடந்ததோ வேறு. 48 மாநிலங்களில் 46 மாநிலங்களை ரூஸ்வெல்ட் வென்றார். தன் மதிப்பை இழந்த அந்த ஏடு 1938இல் மறைந்தது.

பிழை எங்கே நேர்ந்தது? தொலைபேசி வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் மோட்டார் வண்டிகளின் பதிவேட்டிலிருந்தும் முகவரிகளை எடுத்தார்கள். பொருளாதார வீழ்ச்சியில் நாடு வாடிய அக்காலத்தில் தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தவர் யார் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அத்துடன், அட்டை பெற்ற நால்வரில் ஒருவர்கூட விடை எழுதவில்லை. எழுதியவர்களும் ஆட்சியின் மேல் சினம் மிக்கவர்களாக இருந்தனர். அதே ஆண்டில் ஜார்ஜ் காலப் என்பவர் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேரை மட்டும் வகை பிரித்துக் கேட்டு ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார், சரியாயிற்று. அன்று முதல் காலப்பின் பெயர் பத்திரிகைகளில் வேதவாக்காயிற்று.

ஆனால் பன்னிரண்டே ஆண்டுகளில் அந்தப் பெயரும் சறுக்கிற்று. 1948இல் காலப் உள்ளிட்ட கணிப்பாளர்கள் அனைவரும் டூயி வெல்வார் என்றனர். மக்கள் மனம் உறுதியாகிவிட்டது என்று எண்ணி, தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்பே கேட்பதை நிறுத்திவிட்டிருந்தனர். வாக்குப்பதிவு நாளிரவு, அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்துக்கு முன்பே ஏட்டை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகைக்கு ஏற்பட்டது. முடிவுகள் வந்து சேரவில்லை. ஆசிரியர் குழு யாரை நம்பியது? வாஷிங்டனில் பழுத்த அனுபவம் பெற்ற தன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கை நம்பியது. முந்தைய ஐந்து தேர்தல்களில் நான்கில் அவர் வாக்கு பலித்திருந்தது. ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாயிற்று. வெற்றி பெற்ற ட்ரூமன் அந்த ஏட்டைக் கையில் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் படத்தை இன்றும் உலகம் மறக்கவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டைஜஸ்ட் ஏடு நேர்மையாக எண்ணியது. ஹென்னிங் நேர்மையாக மதிப்பிட்டார். நேர்மை இருந்தது, துல்லியம் இல்லை. நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரிடம் எதிர்பார்த்த பண்புகள் இரண்டு. ஒன்று அதாலத் எனப்படும் நேர்மை. மற்றொன்று ளப்த் எனப்படும் துல்லியம். வணக்கசாலியாகவும் உத்தமராகவும் வாழ்ந்த ஒருவரின் நினைவாற்றல் பிசகுடையதாயின், அவரது அறிவிப்பை அவர்கள் தயங்காமல் ஒதுக்கினார்கள். நல்லவர் என்பதும் வல்லவர் என்பதும் வெவ்வேறு தேர்வுகள் என்று கண்டவர்கள் அவர்கள்.

மதுரைச் சீமை தந்த பாடம்

இந்தியாவில் இக்கலையைத் தொடங்கியவர் பொருளியல் பத்திரிகையாளரான எரிக் ட கோஸ்டா. அவர் நிறுவிய இந்தியப் பொதுக்கருத்து நிறுவனம் 1957 பொதுத் தேர்தலின்போது மக்கள் கருத்தைத் திரட்டியது. 1963இல் ரஜனி கோத்தாரி டெல்லியில் நிறுவிய சி.எஸ்.டி.எஸ். ஆய்வகம், யார் வெல்வார் என்பதைவிட மக்கள் ஏன் அவ்வாறு வாக்களிக்கிறார்கள் என்பதை ஆராய முற்பட்டது. 1980களில் பிரணாய் ராயும் அசோக் லாகிரியும், எதிர்க்கட்சிகள் எவ்வளவு ஒன்றுபட்டு நிற்கின்றன என்பதற்கு ஓர் அளவுகோல் வகுத்து, வாக்குகளை இடங்களாக மாற்றிக் கணக்கிட்டனர். 1984இல் ராஜீவ் காந்தியின் பெருவெற்றியை முன்னுரைத்ததால் அவர்கள் முறை நாடெங்கும் புகழ்பெற்றது. 1996இல் தூர்தர்ஷனிலேயே வாக்களித்து வெளிவருவோரிடம் எடுத்த கணிப்பு ஒளிபரப்பாயிற்று. அன்றிலிருந்து தேர்தல் இரவு என்றாலே வல்லுநர் இரவு என்றாயிற்று.

ஆனால் வல்லுநர்களுக்கு இரு பாடங்களை மதுரைச் சீமை அதற்கு முன்பே கற்பித்திருந்தது. அவற்றை அவர்கள் மறந்தாலும் நாம் மறத்தலாகாது.

முதற்பாடம் 1973. திண்டுக்கல் அன்று மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அங்கே நாடாளுமன்ற இடைத்தேர்தல் வந்தது. 1971 சட்டமன்றத் தேர்தலில் 184 இடங்களை வென்ற தி.மு.க. ஆட்சியில் இருந்தது. எதிரே, 1972 அக்டோபரில் பிறந்து ஏழே மாதங்கள் ஆன அ.தி.மு.க. நேற்றைய எண்ணிக்கையைக் கொண்டு நாளையைக் கணக்கிட்டால் விடை எளிது. மே 20ஆம் நாள் மக்கள் எழுதிய விடையோ வேறு. மாயத்தேவர் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்று வென்றார். ஸ்தாபன காங்கிரஸ் இரண்டாம் இடத்தில் நின்றது. ஆளுங்கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. இதற்கு முன் வாக்குச் சீட்டில் இல்லாத ஒரு கட்சியைப் பழைய எண்களால் எப்படி அளப்பது? புதியது பிறக்கும்போது பழைய அளவுகோல் ஊமையாகிவிடுகிறது.

இரண்டாம் பாடம் 1980. அவ்வாண்டு ஜனவரியில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் சேர்ந்த அணி தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐ வாரிக்கொண்டது. எம்.ஜி.ஆரின் கட்சிக்குக் கோபிச்செட்டிப்பாளையமும் சிவகாசியும் மட்டுமே மிஞ்சின. மக்கள் நம்பிக்கையை அவர் இழந்துவிட்டார் என்ற வாதம் வலுத்தது. பிப்ரவரி 17ஆம் நாள் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாத இறுதியில் சட்டமன்றத் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். மதுரை மேற்குத் தொகுதியில் நின்றார், வென்றார். அவரது கட்சி 129 இடங்களைப் பெற்று மீண்டும் ஆட்சியில் அமர்ந்தது. தி.மு.க.வுக்கு 37, இந்திரா காங்கிரசுக்கு 31 இடங்களே கிடைத்தன. ஐந்து மாதத்துக்குள் மக்கள் தம் அடிப்படைக் கொள்கையை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்ல இடமில்லை. டெல்லிக்கு ஒரு வாக்கு, கோட்டைக்கு ஒரு வாக்கு என்று அவர்கள் பிரித்து எண்ணினார்கள். இன்று எல்லா வல்லுநரும் ஒப்புக்கொள்ளும் இவ்வுண்மையை அன்று வைகைக் கரை மக்கள் வாக்குப் பெட்டியில் எழுதிக் காட்டினார்கள்.

இதன்பின் நேர்ந்தவற்றை விரிக்கத் தேவையில்லை. 2004இல் வாஜ்பாய் அவர்களின் அணியே முன்னணியில் நிற்கும் என்று முக்கியக் கணிப்புகள் யாவும் கூறின. காங்கிரஸ் 145, பாரதிய ஜனதா 138 என்று முடிவு வந்தது. 2016 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணி முந்தும் என்று பலர் கூறினர். அன்று தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அ.தி.மு.க. 134ஐ வென்றது. இதனால் கணிப்புகள் யாவும் பொய் என்று கொள்ளல் வேண்டா. பல முறை அவை மெய்த்தும் உள்ளன. ஆயின் எது மெய்க்கும், எது பொய்க்கும் என்பதை வாசகன் எவ்வாறு அறிவது? இதுவே நம் வினா.

ஐம்பத்தொன்பது பேரின் குரல்

இந்த வினா நம் சமுதாயத்துக்கு வெறும் அறிவு விளையாட்டு அன்று. 'முஸ்லிம்கள் இம்முறை ஒட்டுமொத்தமாக இன்ன அணிக்கே' என்று தேர்தல்தோறும் வல்லுநர் ஒருவர் தீர்ப்பளிக்கக் கேட்கிறோம். இத்தீர்ப்பு எதன் மேல் நிற்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காட்டினர். மாநிலம் முழுவதும் ஆயிரம் பேரை மிகச் சரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலும் அவர்களுள் முஸ்லிம்கள் ஏறத்தாழ 59 பேரே இருப்பர். ஆயிரம் பேருக்கு மூன்று விழுக்காடாக உள்ள பிழை வரம்பு, 59 பேருக்குப் பதின்மூன்று விழுக்காடாகப் பெருகிவிடும். அஃதாவது, முஸ்லிம்களில் 60 விழுக்காட்டினர் இன்ன அணியை ஆதரிக்கிறார்கள் என்று ஆய்வு சொன்னால், உண்மை 47 ஆகவும் இருக்கலாம், 73 ஆகவும் இருக்கலாம். அந்த 59 பேரில் காயல்பட்டினத்து வணிகர் எத்தனை பேர், ஆம்பூர்த் தோல் தொழிலாளி எத்தனை பேர், ஆனையூரில் வாடகை வீட்டிலிருக்கும் தையற்காரர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? வல்லுநர் சொல்வதில்லை, பத்திரிகையும் கேட்பதில்லை.

கண்முன் உள்ள வரலாறோ இதற்கு மாறாகப் பேசுகிறது. 1967இல் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களின் தலைமையில் முஸ்லிம் லீக் தி.மு.க. அணியில் நின்றது உண்மை. ஆனால் 2016இல் முஸ்லிம் லீக்கும் மனிதநேய மக்கள் கட்சியும் தி.மு.க. அணியிலும், மனிதநேய ஜனநாயகக் கட்சி அ.தி.மு.க. அணியிலும் நின்றன, எஸ்.டி.பி.ஐ. தனித்து நின்றது. 2024இல் முஸ்லிம் லீக் தி.மு.க. அணியில் நின்று இராமநாதபுரத்தை வென்றது, எஸ்.டி.பி.ஐ. அ.தி.மு.க. அணியில் திண்டுக்கல்லில் போட்டியிட்டது. அமைப்புகளே இவ்வாறு பிரிந்து நிற்கையில், தனி மனிதர்கள் அனைவரும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டவர்கள் என்பது என்ன ஆய்வு?

இதன் தீங்கு வாக்குப்பதிவோடு முடிவதில்லை. ஒரு சமுதாயத்தின் வாக்கு தமக்கே உரியது என்று உறுதியாக நம்பும் கட்சி, அச்சமுதாயத்தின் கோரிக்கைக்குச் செவி கொடுக்கத் தேவையில்லை என்று எண்ணும். அவ்வாக்கு தமக்கு ஒருபோதும் வாராது என்று நம்பும் கட்சியும் அவ்வாறே எண்ணும். சாலையும் பள்ளியும் வேலையும் கேட்கும் குடிமகன் 'வாக்கு வங்கி' என்ற ஒரே சொல்லில் கரைந்து போகிறான். ஆனையூரில் இலங்கைத் தமிழ் ஏதிலியர் முகாம் ஒன்று உண்டு. வாக்குரிமை இல்லாத அம்மக்கள் எந்தக் கணிப்பாளரின் ஏட்டிலும் இடம்பெறுவதில்லை. வாக்கு இல்லாதவன் எண்ணப்படுவதில்லை. வாக்கு உள்ளவனோ எண்ணாமலே எடைபோடப்படுகிறான்.

முன்னோர் வகுத்த முறை

செய்தி கொண்டு வருபவன் தீயவனாயின் அதை ஆராய்ந்து தெளிய வேண்டும் என்றும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடலாகாது என்றும் திருமறையின் 49ஆவது அத்தியாயமான ஹுஜுராத் அறிவுறுத்துகிறது. இக்கட்டளையே நம் அறிஞர்களின் உள்ளத்தில் ஒரு பெருங்கலையாக விரிந்தது. நபி (ஸல்) அவர்களின் பெயரால் சொல்லப்பட்ட ஒவ்வொரு செய்திக்கும் இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரை அவர்கள் கேட்டார்கள். அத்தொடரில் வரும் ஒவ்வொருவரும் யார், எங்கே வாழ்ந்தார், யாரைச் சந்தித்தார், எத்தன்மையர் என்று ஆராய்ந்து ரிஜால் நூல்களை எழுதினார்கள். இமாம் தஹபி (ரஹ்), இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) போன்றோரின் நூல்கள் ஆயிரக்கணக்கான மனிதர்களை நிறுத்துப் பார்த்த தராசுகள்.

அவர்கள் வகுத்த குறைகளின் பெயர்களைப் பாருங்கள். பெயர் சொல்லப்படாத அறிவிப்பாளர் முப்ஹம். இன்றைய ஏட்டில் 'அரசியல் நோக்கர்கள் கருதுகின்றனர்', 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று வருபவர் இவரே. இடையில் ஆள் விடுபட்ட தொடர் முன்கதிஃ. எந்த நிறுவனம், எந்த நாளில், எத்தனை பேரிடம் கேட்டது என்பதை மறைத்து எண்ணை மட்டும் அச்சிடும் செய்தி இதுவே. தமக்குச் சொன்னவரின் குறையை மறைத்து நேரே கேட்டதுபோல் காட்டுவது தத்லீஸ். கட்சியிடம் ஊதியம் பெற்றுக்கொண்டு 'அரசியல் விமர்சகர்' என்ற பொதுப்பெயரில் அமர்ந்து பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

'பலரும் ஒன்றே சொல்கிறார்களே, பிழையாகுமா?' என்று கேட்கலாம். பலர் வாயிலாக வந்த செய்தியை முதவாத்திர் என்று உறுதியாக ஏற்றனர் நம் அறிஞர்கள். ஆனால் அவர்கள் கூடிப் பேசி ஒன்றுபட்டிருக்க முடியாதவர்களாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2024 ஜூன் முதல் நாளில் பல நிறுவனங்கள் ஒரே திசையைக் காட்டின. ஒருவர் எண்ணைப் பார்த்து மற்றவர் ஒதுங்கி நிற்க அஞ்சினால், பத்துக் குரலும் ஒரே குரல்தான். அந்த ஒரே குரலை நம்பிப் பங்குச் சந்தை ஜூன் 3ஆம் நாள் வானத்துக்கு ஏறிற்று. மறுநாள் மும்பைக் குறியெண் ஒரே நாளில் 4,300 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. சிறு சேமிப்பைச் சந்தையில் போட்டவர்கள் வல்லுநர் வாக்குக்கு விலை கொடுத்தார்கள்.

தொடரை மட்டுமன்றிச் செய்தியின் பொருளையும் ஆராய வேண்டும் என்று காட்டியவர் இப்னு கல்தூன் (ரஹ்). 1377இல் எழுதிய தம் முகத்திமாவின் தொடக்கத்திலேயே, மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்ததாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதி முதலியோர் எழுதியதை எடுத்துக்கொண்டு அவர் வினவுகிறார். அத்துணைப் பெரும்படையை அந்நிலம் தாங்குமா? அணிவகுத்தால் ஒரு முனைக்கு மறுமுனை தெரியுமா? சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அவ்வளவாகப் பெருகுமா? பெரிய மனிதர் சொன்னார் என்பதற்காக எண்ணை ஏற்காதே. நடைமுறையோடு உரசிப் பார் என்பது அவர் வகுத்த நெறி. வல்லுநர் எண் சொல்லும் ஒவ்வொரு இரவிலும் நாம் நினைக்க வேண்டிய நெறி இது.

கேட்க வேண்டிய கேள்வி

மறைவானவற்றின் அறிவு இறைவனுக்கே உரியது. கருத்துக் கணிப்பு மறைவை அறிவதாகக் கூறினால் அது ஆரூடமாகிவிடும். மேகத்தைப் பார்த்து மழையை ஊகிப்பதுபோல் அடையாளம் காட்டி ஊகித்தால் அது அறிவாகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: அறிஞன் தன் வழியைக் காட்டுவான், ஆரூடக்காரன் மறைப்பான்.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்துள்ளது. வாக்குப்பதிவு எல்லாக் கட்டங்களிலும் முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை, வாக்களித்தோரிடம் எடுத்த கணிப்பை வெளியிடலாகாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-அ பிரிவு தடுக்கிறது. மீறினால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஆனால் எப்போது சொல்லலாம் என்பதை மட்டுமே அது வரையறுக்கிறது. எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 1996லேயே கூறியது. ஆய்வை நடத்தியவர் யார், நடத்தச் சொன்னவர் யார், எத்தனை பேரிடம் கேட்டார்கள், எவ்வாறு தேர்ந்தெடுத்தார்கள், பிழை வரம்பு என்ன என்பனவற்றை வாசகர் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. இதைப் படிக்கும்போது ஹதீஸ் கலையின் பாடத்தைப் படிப்பதுபோலவே எனக்குத் தோன்றியது. ஆனால் கவுன்சில் இடித்துரைக்கலாமேயன்றித் தண்டிக்க இயலாது. ஆதலின் இதை நிறைவேற்றும் வலிமை வாசகரிடமே உள்ளது.

தொடரைச் சொல்லாத செய்தியை நம் முன்னோர் செய்தியாகவே மதிக்கவில்லை. யாரிடம் கேட்டார் என்று சொல்லாத வல்லுநரை நாமும் வல்லுநராக மதிக்க வேண்டுவதில்லை. அடுத்த தேர்தல் இரவிலும் ஆனையூர்த் தேநீர்க் கடையில் அந்தப் பெட்டி பேசத்தான் போகிறது. அப்போது கடைக்காரர் கேட்ட கேள்வியை நாம் ஒவ்வொருவரும் கேட்போமாயின், நாளை அதற்கு விடை சொல்லியாக வேண்டிய நிலை பத்திரிகைகளுக்கும் வல்லுநர்களுக்கும் வந்தே தீரும். இறைவன் நம் அனைவருக்கும் ஆராய்ந்து தெளியும் அறிவை அருள்வானாக!